கல்லட்டியில் இழுக்காத வண்டி

நீங்க மெக்கானிக்குங்களா சார்? இல்ல, காலுக்கடியில ஸ்பேனர் பெட்டி இருக்குதேன்னு கேட்டேன். ஓ, பம்ப் செட் பாக்கறவரா. எஸ்டேட்டுல தண்ணி ஏறலைன்னு கூப்பிட்டாங்களா. சரி, சரி. அப்ப உங்ககிட்ட சொல்லலாம். மத்தவங்ககிட்ட ஆரம்பிச்சா ரெண்டே நிமிஷத்துல ஜன்னலுக்கு வெளிய பாக்க ஆரம்பிச்சுடறாங்க.

உங்க தொழில்லயே கேக்கறேன். மோட்டார் நல்லா சுத்துது. கரண்ட் சரியா வருது. மேல டேங்குல மட்டும் தண்ணி விழல. முதல்ல எதைப் பாப்பீங்க?

பைப்பை. பாத்தீங்களா, உக்காந்த இடத்துல சொல்லிட்டீங்க. எனக்கு அதுக்கு நாலு மாசம் ஆச்சு சார். நாலு மாசம்.

எனக்கு மசினகுடி. பேரு சந்திரபோஸ். இருபத்தாறு வருசமா வண்டி ஓட்டறேன். முதல்ல சஃபாரி ஜீப்பு, அப்புறம் சொந்தமா ஒரு டீசல் கார். மசினகுடியிலேர்ந்து ஊட்டிக்குக் கல்லட்டி வழியா வந்திருக்கீங்களா? முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவு. செங்குத்தா ஏறும். வெளியூர்க்காரன் வண்டி பாதியிலயே கிளட்ச் கருகி நிக்கும். நம்ம வண்டி நிக்காது. நிக்காத மாதிரி நான் பண்ணி வச்சிருந்தேன்.

டர்போ உங்களுக்குத் தெரியுமில்ல? இஞ்சின் புகை வெளிய போற வேகத்துல ஒரு சின்ன விசிறி சுத்தும். அது வெளிக்காத்தை அமுக்கி இஞ்சினுக்குள்ள தள்ளும். காத்து எவ்வளவு போகுதோ அவ்வளவு டீசல் எரியும், அவ்வளவு இழுவை கிடைக்கும். காத்து போகலைன்னா டீசல் எரியாம கறுப்புப் புகையா வெளிய வரும். அவ்வளவுதான் விசயம். கோயம்புத்தூர்ல ஜெரால்டுன்னு ஒருத்தர், வண்டியோட கம்ப்யூட்டர்ல லேப்டாப்பைச் சொருகி அந்தக் காத்தையும் டீசலையும் கூட்டி வச்சுக் குடுப்பாரு. போன வருசத்துக்கு முந்தின வருசம் அவர்கிட்ட செஞ்சேன். டேஷ்போர்டுல காத்து அழுத்தம் காட்டற மீட்டர் ஒண்ணும் மாட்டினேன். அன்னிக்கு ஊருக்குத் திரும்பி ஏறறப்ப, சார், பொய் சொல்லல, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அப்படி இழுத்துச்சு.

ஜன்னலச் சாத்திக்கங்க. பஸ்ஸு பர்லியார் இறங்கற வரைக்கும் குளிரும்.

நிரோஷான்னு ஒரே பொண்ணு எனக்கு. கோயம்புத்தூர்ல சிங்காநல்லூர் பக்கம் கட்டிக் குடுத்திருக்கேன். மாப்பிள்ளை விமல், நூல் மில்லுல சூப்பர்வைசர், நல்ல பையன். தலைப்பிரசவத்துக்கு நம்ம வீட்டுக்கு வந்திருந்தா. ஆனி மாசம், மழை பிடிச்சிருந்த நேரம். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருந்துச்சு. அன்னிக்கு மத்தியானம் சாப்பிட்டுக்கிட்டு இருக்கறப்ப வலி வந்துருச்சு. பக்கத்துல இருக்கற நர்சம்மா வந்து பாத்துட்டு, "ஊட்டிக்குப் போயிருங்க, 108க்குச் சொல்லிட்டேன், இருபது நிமிஷத்துல வந்துரும், நானும் கூட வரேன்"னாங்க.

இருபது நிமிஷம்! இருபது நிமிஷத்துல நான் பாதி மலை ஏறிருவேன்.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டா அவரும், "மாமா, 108லயே கூட்டிட்டு வாங்க, அதுல ஆக்சிஜன் எல்லாம் இருக்கும்"னாரு. நான் சொன்னேன், "மாப்ள, அந்த 108 டிரைவருக்கே கல்லட்டில எந்த வளைவை எப்படி எடுக்கணும்னு சொல்லிக் குடுத்தவன் நானு. நீங்க நேரா ஊட்டிக்கு வந்து சேருங்க." தப்பா சார்? பெத்த பொண்ணு துடிக்கறா. வாசல்ல அப்பேர்ப்பட்ட வண்டி நிக்குது. வேற வண்டி வர்ற வரைக்கும் கையக் கட்டிக்கிட்டு நிக்க முடியுமா?

பின்னாடி சீட்டுல நிரோஷா. அவ தலையை மடியில வச்சுக்கிட்டு எம் பொண்டாட்டி செல்வமலர். முன்னாடி என் பக்கத்துல மச்சினிச்சி, பையோட. நாலு பேரு. அடிவாரம் தாண்டி முதல் ஏழெட்டு வளைவு பறந்துச்சு. செல்வமலர்தான், "மெதுவாப் போங்க, மெதுவாப் போங்க"ன்னுக்கிட்டே வந்தா. பதினாலாவது வளைவுல திருப்பி அழுத்தறேன், பட்டுன்னு ஒரு சத்தம். அப்புறம் புஸ்ஸுன்னு. மீட்டர் முள்ளு கீழ விழுந்துருச்சு. பின்னாடி ஒரே கறுப்புப் புகை. முதல் கியர்ல போட்டு மிதிக்கறேன், வண்டி நகரல. ஆஃப் ஆகுது. மறுபடி போட்டா பின்னால உருளுது. கிளட்ச் வாடை வந்துருச்சு. கல்லு வச்சு நிறுத்திட்டு பானெட்டைத் தொறந்தேன்.

மழை ஊத்துது. எல்லாத்தையும் பாத்தேன் சார். காத்து வடிகட்டியக் கழட்டிப் பாத்தேன். ஒயரு எல்லாம் அமுக்கிப் பாத்தேன். கைக்கு எட்டின ஹோஸ் எல்லாம் பிடிச்சுப் பாத்தேன். ஒரு இடத்துலயும் ஒண்ணும் தெரியல.

அப்ப ஒரு பிக்கப் மேல ஏறி வந்துச்சு. எங்க ஊர்லேர்ந்து ஊட்டித் தோட்டத்துக்கு மாட்டு எரு ஏத்திட்டுப் போவாங்க, அந்த வண்டி. டிரைவரு நிறுத்தி, "அண்ணே, முன்னாடி சீட்டு காலியா இருக்கு, பொண்ண ஏத்துங்க"ன்னாரு. எரு வண்டி சார். நாத்தம் நாலு மைலுக்கு வரும். அதுல எம் பொண்ண ஏத்தறதா? "ரெண்டு நிமிஷம்ப்பா, இப்ப சரியாயிரும்"னேன். அவரும் கொஞ்ச நேரம் நின்னாரு. மறுபடி கேட்டாரு. அப்புறம் பின்னாடி ஒரு பஸ்ஸு வந்து ஹாரன் அடிக்கவும் போயிட்டாரு.

நாப்பது நிமிஷம். ஒவ்வொரு ரெண்டு நிமிஷமும் இப்ப பிடிச்சுருவேன், இப்ப பிடிச்சுருவேன்னு இருந்துச்சு. நீங்களும் கை வேலைக்காரர்தான, அந்த நினைப்பு உங்களுக்குத் தெரியும். நர்சம்மா நாங்க கிளம்பினதைக் கேட்டுட்டு அந்த 108ல ஏறிப் பின்னாடியே வந்திருக்காங்க. அவங்கதான் ஏத்தினாங்க. ஊட்டி போய்ச் சேரறதுக்கு முன்னாடியே, தலைக்குந்தாகிட்ட, ஆம்புலன்சுலயே குழந்தை பொறந்துருச்சு. பொம்பளப் புள்ள. கழுத்துல கொடி சுத்தியிருந்துச்சாம். அழல. நர்சம்மா என்னென்னமோ செஞ்சு, ஆறு நிமிஷமோ ஏழு நிமிஷமோ கழிச்சு மூச்சு வந்துச்சு.

நான் அங்க இல்ல. வண்டிகிட்ட இருந்தேன். சாயந்திரம் இஞ்சின் ஆறினப்புறம் ஸ்டார்ட் பண்ணிக் கீழ இறக்கினேன். ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுச்சு சார். அதுதான் எனக்கு ஆறல. ஒண்ணுமே நடக்காத மாதிரி.

குழந்தையக் கண்ணாடிப் பெட்டியில பத்தொம்பது நாள் வச்சிருந்தாங்க. வலிப்பு வந்துச்சுன்னு அங்கேர்ந்து கோயம்புத்தூர் கூட்டிட்டுப் போனாங்க. மூளைக்குக் காத்து போகல, பாக்கலாம், இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொன்னாராம். எங்கிட்ட இதெல்லாம் செல்வமலர்தான் போன்ல சொன்னா. நிரோஷா பேசல. நான் ஆஸ்பத்திரிக்குப் போனப்ப சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. அசதி இருக்கும்ல. செல்வமலர் பேத்தியப் பாத்துக்கக் கூடவே போனவ, திரும்பி வரல. அங்க வேலை இருக்கும்.

நான் என்ன செய்ய முடியும்? டாக்டர் வேலையா எனக்குத் தெரியும்? எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். ஏன் நின்னுச்சுன்னு கண்டுபிடிக்கணும். கண்டுபிடிச்சுக் கொண்டு போய், "இந்தா பாரும்மா, இதனாலதான். அப்பாவால இல்ல"ன்னு காட்டணும்.

ஊட்டியில பெள்ளின்னு ஒரு மெக்கானிக் இருக்காரு. படுகரு. எனக்கு இருபது வருசப் பழக்கம். அவர்கிட்டதான் முதல்ல விட்டேன். நின்ன இடத்துல இஞ்சினை ஏத்திப் பாத்தாரு, நல்லா இருக்கு. டவுனுக்குள்ள ஓட்டிப் பாத்தாரு, நல்லா இருக்கு. "போசு, அந்த லேப்டாப் வேலைய எடுத்துட்டுக் கம்பெனி குடுத்தபடி வச்சு ஓட்டிப் பாரு. அப்பத்தான் எனக்கு எங்க தேடறதுன்னு தெரியும்"னாரு. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம். பத்துப் பேருக்கு முன்னாடி, "உனக்கு கம்ப்யூட்டர் வண்டி தெரியாது பெள்ளி, நீ பழைய ஜீப்பைக் கட்டிக்கிட்டு அழு"ன்னுட்டு வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன்.

அப்புறம் எங்கெல்லாம் போனேன்! கூடலூர்ல கம்ப்யூட்டரைச் சொருகிப் பாத்தாங்க. காத்து அழுத்தம் குறைவுன்னு எழுத்து வந்துச்சு. அது எனக்கே தெரியுமே, எங்க குறையுதுங்கறதுதான கேள்வி. காத்தை அளக்கற சென்சாரை மாத்தினாங்க. டீசல் வடிகட்டிய மாத்தினாங்க. மேட்டுப்பாளையத்துல இஞ்செக்டரைக் கழட்டிக் கழுவினாங்க. கோயம்புத்தூர்ல ஒரு பெரிய பட்டறையில டர்போவே போயிருச்சுன்னு வேற டர்போ போட்டாங்க. ஒவ்வொரு தடவையும் சமதரையில ஜம்முனு ஓடும். கல்லட்டில ஏத்தினா பதினஞ்சு வளைவுக்குள்ள எங்கயாவது செத்துரும், ஒரு நாளைக்கு ஒரு இடம்.

ஒருநாள் யோசிச்சேன். அன்னிக்கு வண்டில நாலு பேரு இருந்தோம். இப்ப நான் ஒத்தை ஆளா ஏத்திப் பாக்கறேன். அந்த எடை இருந்தா அதே கோளாறு அதே இடத்துல வரணுமில்ல? தீவனக் கடையில போய் மூட்டை வாங்கினேன். நிரோஷா எடை அறுபத்தெட்டு, செக்கப் அட்டையில எழுதியிருந்துச்சு. செல்வமலர் எழுபது. மச்சினிச்சி அம்பத்தஞ்சு. தராசுல போட்டு அதே எடைக்குக் கட்டி, யாரு எங்க உக்காந்தாங்களோ அங்க அங்க வச்சேன். நிரோஷா மூட்டையப் படுக்க வச்சேன், அவ படுத்துத்தான வந்தா. பெல்ட்டும் போட்டேன், உருண்டுரக் கூடாதுன்னு.

சிரிக்காதீங்க சார். ஊர்ல எல்லாரும் சிரிச்சாச்சு. தினமும் மத்தியானம் அதே நேரத்துக்கு அந்த மூட்டைகளை ஏத்திக்கிட்டுப் போவேன். செக்போஸ்ட்டுல இருக்கறவரு முதல்ல கேட்டாரு, அப்புறம் கேக்கறதில்ல, பேசாம கம்பியத் தூக்கி விட்டுருவாரு. மூணாவது வாரத்துல ஒருநாள், அதே பதினாலாவது வளைவு. பட்டுனு சத்தம். புஸ்ஸு. புகை. எனக்கு என்ன சந்தோசம்! கையத் தட்டினேன் சார் வண்டிக்குள்ள. திரும்பிப் பாத்து, "கேட்டுச்சா? கேட்டுச்சா?"ன்னேன்.

மூட்டைதான் இருந்துச்சு.

அன்னிக்கு ராவெல்லாம் தூக்கமில்ல. காலையில நேரா பெள்ளிகிட்ட போயிட்டேன். அந்த ஆளு ஒண்ணும் கேக்கல. "பானெட்டைத் தொற"ன்னாரு. அவ்வளவுதான். டர்போவுக்குக் காத்து போற வாயை ஒரு மூடியால அடைச்சு, அதுல கம்ப்ரஸரை இணைச்சு, வண்டி ஓடாமலே பைப்புக்குள்ள காத்தை ஏத்தினாரு. ஒரு கிண்ணத்துல சோப்புத் தண்ணி. பெயிண்ட் அடிக்கற பிரஷ்ஷால ஒவ்வொரு பைப்பா தடவிக்கிட்டே வந்தாரு. ட்யூப் பஞ்சர் பாக்கற மாதிரி. முன்னாடி பம்பருக்கு உள்ள, கை எட்டாத இடத்துல ஒரு வளைஞ்ச ரப்பர் ஹோஸ் இருக்கு. அதோட அடி வயித்துல நுரை பொங்குச்சு.

கழட்டிக் காட்டினாரு. மேல பாத்தா புதுசு மாதிரி. அடியில, கிளிப்பு பிடிக்கற இடத்தை ஒட்டி, நகக்கண்ணு அளவுக்கு ஒரு கிழிசல். விரலால அமுக்கினா வாயத் திறக்குது, விட்டா மூடிக்குது. காத்து கம்மியா இருக்கறப்ப மூடியிருக்கும். ஏத்தத்துல அழுத்தம் கூடினா தொறந்துக்கும். அவ்வளவுதான் சார். அவ்வளவே அவ்வளவுதான்.

பெள்ளி சொன்னாரு, "கம்பெனி ரப்பரு கம்பெனி வச்ச காத்துக்குத்தான் தாங்கும். நீ அதுக்கு மேல ஊதியிருக்க. ஜெரால்டு இதை மாத்தச் சொல்லலயா?"

சொன்னாரு. சொல்லலைன்னு சொல்ல முடியாது. அழுத்தம் கூட்டினா கெட்டி ஹோஸ் போட்டுக்கணும்ணேன்னு சொன்னாரு. அடுத்த தடவை வர்றப்ப பாத்துக்கலாம்னு ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணினோம். ரெண்டு பேரும்னா... நான்தான் சொன்னேன். எனக்கு அன்னிக்கே மலை ஏத்திப் பாக்கணும்னு இருந்துச்சு.

கெட்டி ஹோஸ் போட்டாச்சு. பழைய ஹோஸைத் துடைச்சு ஒரு துணிப்பையில போட்டுக்கிட்டு மறுநாளே கோயம்புத்தூர் போனேன். வாரத்துல ரெண்டு நாள் குழந்தைக்குப் பயிற்சி குடுக்கக் கூட்டிட்டுப் போவாங்கன்னு செல்வமலர் சொல்லியிருந்தா. நேரா அங்கயே போயிட்டேன். நீள வராந்தா. பெஞ்சு பூரா அம்மாக்களும் குழந்தைகளும். நிரோஷா கடைசியில உக்காந்திருந்தா. பாதியா இளைச்சிருந்தா சார். மடியில பாப்பா. நாலு மாசத்துல அன்னிக்குத்தான் கிட்டத்துல பாக்கறேன்.

நான் பாப்பாவைப் பாத்திருக்கணும். இப்பத் தெரியுது. நான் பையத் தொறந்து ஹோஸை எடுத்துட்டேன். "கண்டுபிடிச்சிட்டேம்மா"ன்னேன். இங்க பாரு, இங்கதான் கிழிசல், அமுக்கினா தொறக்கும், இதுக்குள்ளதான் காத்து போகணும், இது வெளிய கண்ணுக்கே தெரியாது, யாராலயும் கண்டுபிடிச்சிருக்க முடியாது, நாலு பட்டறையில கண்டுபிடிக்கலன்னு, மூச்சு விடாமச் சொன்னேன். அவ பூராவும் கேட்டா. முடிச்சப்புறம் கேட்டா,

"வண்டி ஏன் நின்னுச்சுன்னு நான் உங்ககிட்ட எப்பவாவது கேட்டேனாப்பா?"

நான் மறுபடி அந்தக் கிழிசலை அமுக்கிக் காட்டினேன்.

"அந்த எரு வண்டிக்காரரு ரெண்டு தடவை கூப்பிட்டாரு. ரெண்டாவது தடவை நான் கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டினேன். போறேன், என்னை ஏத்துங்கன்னு கையை நீட்டினேன். அவரு உங்களைத்தான் பாத்தாரு. நீங்க பானெட்டுக்குள்ள தலைய விட்டிருந்தீங்க."

எனக்குத் தெரியாது சார். சத்தியமாத் தெரியாது. அவ கையை நீட்டினது எனக்குத் தெரியவே தெரியாது.

அழுதிருந்தாக் கூடப் பரவாயில்ல. திட்டியிருக்கலாம். ஏதோ அட்ரஸ் சொல்ற மாதிரி சொன்னா. அதுக்குள்ள உள்ளேர்ந்து பேரைக் கூப்பிட்டாங்க. ஃபைலு எடுக்கணும், சீட்டுல முத்திரை வாங்கணும். செல்வமலர் மருந்து வாங்கப் போயிருந்தா. நிரோஷா அந்தப் பக்கம் பாத்தா, இந்தப் பக்கம் பாத்தா. வேற ஆளில்ல. "பிடிங்க"ன்னு பாப்பாவை எங்கிட்ட நீட்டினா. "கழுத்து நிக்காது. தலைக்குக் கீழ கை குடுங்க."

ஒரு கையில ஹோஸ் சார். எங்க வைக்கறதுன்னு தெரியல. கீழ போட்டுட்டு வாங்கினேன். அப்படி ஒரு லேசு. கையை இறுக்கி மூடி வச்சிருந்துச்சு. பெருவிரல் உள்ள மடங்கியிருக்கும், அதை மெதுவா எடுத்து விடணும்னு அப்புறம் அங்க சொல்லிக் குடுத்தாங்க. அன்னிக்கு எனக்குத் தெரியாது. தலைக்குக் கீழ கையை வச்சுக்கிட்டு அசையாம நின்னேன். நிரோஷா திரும்பி வர பத்து நிமிஷம் ஆச்சு. பாப்பா எம் முகத்தைப் பாத்துச்சா, இல்ல பின்னாடி லைட்டைப் பாத்துச்சான்னு சொல்ல முடியல.

ரெண்டு மாசமாச்சு. செவ்வாயும் வெள்ளியும் வந்துடறேன். மசினகுடியிலேர்ந்து கல்லட்டி பஸ்ஸுல வர்றதில்ல, கூடலூர் சுத்தி ஊட்டி வந்து இந்த பஸ்ஸைப் பிடிச்சுக்கறேன். சுத்துதான், ஆனா உக்கார இடம் கிடைக்கும். பயிற்சிக்குத் துண்டைச் சுருட்டிப் பாப்பா நெஞ்சுக்குக் கீழ வச்சுக் குப்புறப் போடணும். கிலுகிலுப்பையை ஒரு பக்கமா ஆட்டணும். திரும்புதான்னு பாக்கணும். நான்தான் ஆட்டறேன். மத்தவங்களுக்குக் கை வலிச்சுரும். எனக்கு வலிக்காது.

பெரிசா ஒண்ணும் முன்னேத்தம் இல்ல. டாக்டரும் இன்னும் அதேதான் சொல்றாரு, பாக்கலாம், இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு. நிரோஷாவும் என்கூடப் பேசறான்னு சொல்ல முடியாது. துண்டைக் குடுங்க, பாட்டிலைப் பிடிங்க, அவ்வளவுதான். போன வெள்ளிக்கிழமை எல்லாம் முடிஞ்சு வெளிய வந்து ஆட்டோவுக்கு நின்னோம். அவளாக் கேட்டா, "வண்டி சரியாயிருச்சுல்ல?"

"ஆயிருச்சும்மா"ன்னேன். "நல்லா இழுக்குது."

"அப்புறம் ஏன் அவ்வளவு தூரம் பஸ்ஸுலயே வர்றீங்க?"

வண்டியை எடுத்துக்கிட்டு ஒருநாள் கிளம்பினேன் சார். பதிமூணாவது வளைவு வரைக்கும் வந்தேன். முள்ளு சரியா நிக்குது, புகை இல்ல, வெண்ணெயில கத்தி இறங்கற மாதிரி ஏறுது. அங்கயே ஓரமா நிறுத்திட்டேன். ஒரு மணி நேரம் உக்காந்திருந்துட்டுத் திருப்பிட்டேன். இதை எப்படி அவகிட்ட சொல்றது?

"வண்டில ஒண்ணும் இல்லம்மா"ன்னேன்.

அவ எம் முகத்தையே பாத்தா. ஆட்டோ வந்துருச்சு. பாப்பாவைத் தூக்கிக்கிட்டு ஏறினா, செல்வமலரும் ஏறினா. கிளம்பறப்ப தலையை வெளிய நீட்டி, "செவ்வாக்கிழமை பத்து மணிக்கு மாத்திட்டாங்க. நேரத்தோட வந்துருங்க"ன்னா.

இன்னிக்குச் செவ்வாய். மணி என்ன சார் ஆச்சு இப்ப?